பருவத் தொடக்கத்தில் பனிச்சறுக்கு: காலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

நான் சறுக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆண்டு, மையம் திறந்த இரண்டாவது வாரம். அகலமான ஒரு சரிவின் ஓரத்தில் யாரும் கால் வைக்காத பனி வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆசைப்பட்டு அதன் பக்கம் திரும்பினேன். இடது காலில் மாட்டியிருந்த சறுக்குக் கட்டை, யாரோ கை பிடித்து இழுத்ததைப் போலச் சட்டென்று நின்றது. வலது கட்டை போய்க்கொண்டே இருந்தது. விழுந்து எழுந்து கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். கறுத்த அடிப்பாகத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு; அதற்குள் மரம் தெரிந்தது. என்னைத் தடுத்த கல் உள்ளங்கை அளவுகூட இல்லை. அதன் தலையை மூன்று விரற்கடைப் பனி மூடியிருந்தது.

அன்று காலை அறிக்கையில் 45 சென்டிமீட்டர் பனி என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்த எண் பொய்யில்லை. ஆனால் எவ்வளவு பனி என்று மட்டும் கேட்டுவிட்டு, அது எதன் மேல் கிடக்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டேன். கோடையில் புல்லைக் கத்தரித்துச் சமன் செய்து வைத்த சரிவில் ஒரு சாண் அழுத்தமான பனி இருந்தால் போதும், நாள் முழுக்கச் சறுக்கலாம். பாறையும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் நிறைந்த சரிவில் ஒரு மீட்டர் பனிகூடப் போதாது. பருவத்தின் நடுவில் இந்த வேறுபாடு புதைந்துவிடும். முதல் சில வாரங்களில் அது மேற்பரப்பிலேயே இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வாரங்கள் ஆகாதவை என்று நான் சொல்லமாட்டேன். சரியான நாளையும் சரியான தடத்தையும் தேர்ந்தெடுத்தால் அருமையாகக் கற்றுக்கொள்ளலாம். அந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்பதை, வீட்டில் தொடங்கி மலையிலிருந்து இறங்குவது வரை, வரிசையாகச் சொல்கிறேன்.

1. அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள்

ஒவ்வொரு சறுக்கு மையமும் தினமும் காலையில் பனி அறிக்கை வெளியிடுகிறது. முதலில் அது எந்த நேரத்தில் புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பருவத் தொடக்கத்தில் நேற்றைய அறிக்கை இன்றைக்கு உதவாது; ஒரே இரவு மழை எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

அடுத்தது பனியின் ஆழம். இதை ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஓர் அளவுகோலை நட்டு அளக்கிறார்கள். அந்த இடம் பெரும்பாலும் காற்றடிக்காத, வெயில் அதிகம் படாத சமதளமாக இருக்கும். மலையெங்கும் அதே ஆழம் என்று நினைத்துவிடக் கூடாது. முகட்டில் காற்று பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கத்துப் பள்ளத்தில் கொட்டியிருக்கும். மேல்மலைக்கும் அடிவாரத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் அடிவாரத்து எண்ணையே கணக்கில் எடுங்கள். புதியவர்கள் அங்கேதான் சறுக்கப்போகிறீர்கள்.

புதுப்பனி எவ்வளவு என்பதும் ஆளை மயக்கும் எண். காற்றில்லாமல் கொட்டிய புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும், மீதியெல்லாம் காற்று. எந்திரம் உண்டாக்கும் பனி அதே இடத்தில் 400 கிலோவைத் தாண்டும். ஆகவே 30 சென்டிமீட்டர் புதுப்பனியின் மேல், பனியை வாரிச் சமன் செய்யும் வண்டியை ஓட்டி நன்றாக அழுத்தினால் ஆறேழு சென்டிமீட்டர்தான் தேறும். அழுத்தாமல் விட்ட இடத்திலோ கட்டை அதைக் கிழித்துக்கொண்டு நேரே தரைக்குப் போய்விடும். முதல் பெரும்பனி விழுந்த மறுநாள்தான் கட்டைகள் அதிகமாகக் கீறல் படுகின்றன. அடியில் இருப்பதை மூடி மறைக்கப் போதுமான பனி இருக்கும், தாங்கப் போதுமான பனி இருக்காது.

திறந்துள்ள தடங்களின் எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மேலிருந்து கீழ் வரை போகும் ஒரே நீண்ட தடத்தை மேல், நடு, கீழ் என்று மூன்றாக எண்ணும் வழக்கம் பல மையங்களில் உண்டு. எண்ணுக்குப் பதிலாகப் பெயர்களைப் பார்த்து, தட வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். பத்து நிமிட வேலைதான். முடிக்கும்போது மலை உங்கள் கண்ணுக்குள் இருக்கும்.

அப்போது ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தே ஆக வேண்டும்: கற்றுக்கொள்பவர்களுக்கான பகுதி திறந்திருக்கிறதா? ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் நகரும் பட்டை வடிவ லிஃப்டும் மிக மென்மையான சரிவும் உள்ள பகுதியைச் சொல்கிறேன். பல மையங்கள் முதலில் திறப்பது குளிர் அதிகமுள்ள மேல்மலையில் ஒற்றைத் தடத்தைத்தான். அது இடைநிலைத் தடமாக இருக்கும். அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள அரப்பஹோ பேசின் பல ஆண்டுகளில் அக்டோபரிலேயே திறந்துவிடும். அப்போது திறப்பது இடைநிலைத் தடம் ஒன்றுதான். அதே நாட்டின் வெர்மாண்டிலுள்ள கில்லிங்டனில் ஆரம்ப நாட்களில் உச்சிப் பகுதியில் மட்டும் சறுக்கிவிட்டு, கம்பியில் தொங்கிச் செல்லும் கோண்டோலாவிலேயே கீழே இறங்கும்படி இருக்கும். பயிற்சி பெற்றவர்களுக்கு இது கொண்டாட்டம். முதல்முறை கட்டை மாட்டுகிறவர்களுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. பயிற்சிப் பகுதி திறக்கவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ‘எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைசியாக அறிக்கையின் சொற்கள். தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, காலை மூட்டமும் பனி, மலையில் கொட்டுவதும் பனி. சறுக்குகிறவர்களோ அந்த ஒன்றையே ஏழெட்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ‘பேக்டு பவுடர்’ என்றால் அழுந்திய, இன்னும் மென்மையான பனி. புதியவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ‘மெஷின் க்ரூம்டு’ என்றால் வண்டி ஓட்டிச் சமன் செய்தது. ‘ஹார்ட் பேக்’ என்றால் இறுகிக் கெட்டியானது. ‘ஃப்ரோசன் கிரானுலர்’ என்றால் உருகி மறுபடி உறைந்த சர்க்கரைப் பரல். ஊன்றுகோலைக் குத்தினால் குத்திய இடத்தில் நிற்கும். பனிக்கட்டியில் அப்படி நிற்காது, சில்லு தெறிக்கும். ‘வேரியபிள்’ என்றால் பத்தடிக்கு ஒரு விதம். ‘தின் கவர்’ என்றால் மேலே மெல்லிய போர்வை, கீழே கல்லோ மண்ணோ. ‘எர்லி சீசன் கண்டிஷன்ஸ்’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் இவை அனைத்தும் கலந்து கிடக்கின்றன, குறியிடப்படாத தடைகளும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்ததும் மையத்தின் நேரலைக் கேமராவைத் திறங்கள். தடத்தின் நடுவைப் பார்க்க வேண்டாம், அது எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஓரங்களையும் லிஃப்ட் தூண்களின் அடியையும் பாருங்கள். அங்கே புல்லும் மண்ணும் தெரிந்தால், தடத்தில் இருப்பது பெரும்பாலும் எந்திரப் பனியின் ஒற்றைப் பட்டை.

2. முந்தைய மூன்று இரவுகளின் குளிரைப் பாருங்கள்

வானிலை முன்னறிவிப்பை எல்லோரும் பார்க்கிறார்கள். கடந்து போன இரவுகளைப் பார்ப்பவர்கள் குறைவு. பருவத் தொடக்கத்தில் உங்கள் காலடியில் இருக்கும் பனி அந்த இரவுகளில்தான் உருவாகிறது.

1950-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வேய்ன் பியர்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரெஸரையும் தோட்டக் குழாயையும் ஒரு நாசிலையும் சேர்த்து முதல் பனி எந்திரத்தைச் செய்தார்கள். இன்றைய பனிப்பீரங்கிகளும் அதே வழியில்தான் இயங்குகின்றன: நீரை நுண்துளிகளாகச் சிதறடித்துக் குளிர்காற்றில் வீசினால் தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிடும். உறையுமா என்பதை வெறும் வெப்பநிலை தீர்மானிப்பதில்லை. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது; அது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். காற்று வறண்டு, ஈரப்பதம் 30 விழுக்காடு இருந்தால், வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதுகூடப் பீரங்கிகள் ஓடும். ஈரம் சொட்டும் இரவில் 0 டிகிரியிலும் அவை நின்றுவிடும்.

இதில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். மூன்று நாள் தொடர்ந்து குளிர்ந்த, வறண்ட இரவுகள் போயிருந்தால் தடத்தில் புதிய எந்திரப் பனி சேர்ந்திருக்கும்; வண்டிகளுக்கு வாரிப் பரப்பச் சரக்கு இருக்கும். பகலில் 5 டிகிரி, இரவில் மைனஸ் 5 என்று ஊஞ்சலாடியிருந்தால் மேற்பரப்பு ஒவ்வொரு மாலையும் உறைந்து ஒவ்வொரு மதியமும் இளகியிருக்கும். காலையில் அது கண்ணாடி. மழை பெய்து உடனே குளிர் வந்திருந்தால் அன்று போகாதீர்கள். புதியவர்களுக்கு அந்தப் பரப்பில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, பயம் மட்டும் மிஞ்சும்.

உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொதுவாக 100 மீட்டர் ஏறினால் 0.6 டிகிரிக்குச் சற்று மேல் குளிர் கூடும். அடிவாரத்தில் 3 டிகிரி என்றால் 800 மீட்டர் மேலே மைனஸ் 2. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் இது தலைகீழாகும். கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட, மேலே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அன்று அடிவாரத்துப் பீரங்கிகள் முழு வேகத்தில் ஓடும். பயிற்சிப் பகுதிக்கு அது நல்ல செய்தி.

பனியைச் சேமித்து வைத்து முந்திக்கொள்ளும் மையங்களும் உண்டு. பின்லாந்தின் ருகா, முந்தைய குளிர்காலத்துப் பனியைக் கோடை முழுக்கப் போர்த்திப் பாதுகாத்து, அக்டோபர் தொடக்கத்திலேயே தடம் திறக்கிறது. பழைய பனி என்று முகம் சுளிக்க வேண்டாம். அடர்த்தியாக, சீராக இருப்பதால் தட்டையான தடத்துக்கு அது நன்றாகவே உழைக்கும்.

3. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

முடிந்தால் வார நாள். திறந்திருப்பது நாலைந்து தடங்கள்தான் என்றால், முழு மலையிலும் பரவியிருக்க வேண்டிய கூட்டம் அந்த நாலைந்திலேயே நெரிகிறது. என்னைக் கேட்டால் இந்த வாரங்களில் கல்லைவிட அதிகமாக அஞ்ச வேண்டியது கூட்டத்தைத்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, பருவத்தின் நடுவில் சொல்லப்படும் ‘முதல் லிஃப்டைப் பிடி’ என்ற அறிவுரை இங்கே பாதிதான் சரி. இரவில் வண்டி வாரிய பரப்பு காலையில் சீப்பு ஓடிய தலைமுடிபோலக் கோடு கோடாக, பார்க்க அழகாக இருக்கும். உறைந்திருந்தால் அந்தக் கோடுகள் கல்லாக இருக்கும். வெயில் சற்று ஏறி, கோடுகளின் நுனி இளகும்வரை ஒரு மணி நேரம் காத்திருப்பதில் நட்டமில்லை. இரவு முழுக்க உறையாமல் மிதமாகவே இருந்திருந்தால் முதல் லிஃப்டிலேயே ஏறுங்கள். நண்பகலுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் மேற்பனியைச் சுரண்டி ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள்; நடுவில் கெட்டியான அடிப்பரப்பு மின்னத் தொடங்கும். சூரியன் தாழ்வாகச் செல்லும் மாதங்கள் இவை. மலை நிழல் விழுந்த சரிவு பிற்பகலிலேயே மறுபடி இறுகிவிடும். முற்பகலின் நடுவிலிருந்து இரண்டு மணி நேரம், பிறகு நல்ல ஓய்வு, தேவைப்பட்டால் இன்னும் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் இதற்கு மேல் வேண்டியதில்லை.

4. கருவிகளை வாங்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள்

புதியவர்கள் வாடகைக் கருவி எடுப்பதே நல்லது. சொந்தமாக நல்ல கட்டை வைத்திருப்பவர்கள்கூட இந்த வாரங்களில் அதை வீட்டில் வைத்துவிட்டு, கல்லில் அடிபடுவதற்கென்றே ஒதுக்கிய பழைய கட்டையோடு வருவார்கள்.

கட்டையைக் கையில் வாங்கியதும், உலோக விளிம்பின் மேல் கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் நகத்திலிருந்து வெண்மையான மெல்லிய தூள் சுரண்டிக்கொண்டு வரும். வழுக்கிக்கொண்டு போனால் விளிம்பு மழுங்கியிருக்கிறது. கெட்டிப் பரப்பில் அது பிடிக்காது. பூட்ஸுக்கு அடியில் வரும் நடுப்பகுதியில் நாலு இடங்களில் இப்படிச் சோதித்தால் போதும். துருவோ, பல் பல்லாகக் கடிபட்ட தடமோ இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

பூட்ஸைக் கட்டையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றை வைத்து முடிவு செய்கிறார்கள். எடையைக் குறைத்தோ திறனைக் கூட்டியோ சொல்லாதீர்கள். பனிக்கு அடியில் ஒரு வேர் கட்டையைப் பிடித்து இழுக்கும்போது, நீங்கள் சொன்ன அந்த எண்தான் காலைக் காப்பாற்றும் அல்லது கைவிடும்.

ஹெல்மெட் கட்டாயம். பனிப்பலகையில் (ஸ்னோபோர்டு) கற்றுக்கொள்பவர்களுக்கு மணிக்கட்டுக் காப்பும் வேண்டும். கெட்டித் தரையில் கையை ஊன்றி விழும்போது முதலில் முறிவது அங்கேதான். காகிள்ஸ் இரண்டு வகையிருந்தால் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடியை எடுங்கள். மேகமூட்டத்தில் மேடு பள்ளம் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். அந்த நிறங்கள் நிழலைக் கொஞ்சமாவது பிரித்துக் காட்டும். உடையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் விஷயம் சிறியது: பருத்தி வேண்டாம், அடுக்கடுக்காக அணியுங்கள்.

5. லிஃப்டிலிருந்து கீழே பாருங்கள்

சறுக்கத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அடிவாரத்தில் இருக்கும் தடப் பலகை. அச்சிட்ட வரைபடத்தில் உள்ளது முழு மலை, பலகையில் விளக்கு எரிவதுதான் இன்றைய மலை. மற்றொன்று, லிஃப்டில் போகும்போது காலடியில் விரியும் தடம். அந்தச் சில நிமிடங்களில் செல்பேசியை எடுக்காதீர்கள். மற்றவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்குகிறார்கள், எங்கே கட்டை கறகறவென்று சத்தம் போடுகிறது என்று பாருங்கள், கேளுங்கள். பத்துப் பேர் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அங்கே ஏதோ இருக்கிறது.

நிறக் குறியீடு இடத்துக்கு இடம் மாறும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் இடைநிலை, கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். ஐரோப்பாவில் நீலம் எளியது, சிவப்பு இடைநிலை, கறுப்பு கடினம். சில நாடுகளில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பழகியவர் ஐரோப்பாவில் சிவப்பைப் பார்த்துத் திகைப்பதும் இதனால்தான். எந்த நிறமானாலும் அது சரிவின் கடுமையை, அதே மையத்தின் மற்றத் தடங்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. இன்றைய பரப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உறைந்துபோன பச்சைத் தடம் மென்பனி மூடிய நீலத்தைவிடக் கடினமாக இருக்கும். ஆகவே உங்களுக்குப் பழக்கமான நிலையிலிருந்து ஒரு படி கீழே தொடங்குங்கள்.

மேலேறினால் இறங்கும் வழி சறுக்கிக்கொண்டு வருவதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கீழ்ப்பகுதியில் பனி குறைவாக இருக்கும் நாட்களில் லிஃப்டிலேயே இறங்கி வரச் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்கலாம். லிஃப்ட் ஊழியரிடம் ‘கீழே கூட்டிப் போவீர்களா?’ என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

6. முதல் இறக்கம்: பரப்பைக் கண்ணாலும் காதாலும் படிப்பது

முதல் இறக்கத்தைப் பார்வையிடும் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டாம். அகலமான இடங்களில் ஓரமாக நின்று நின்று வாருங்கள்.

நிறம்தான் முதல் தகவல். மங்கலான, ஒளி தெறிக்காத வெள்ளை நல்ல பனி. சாம்பல் படர்ந்து அல்லது நீலமோடிப் பளபளத்தால் பனிக்கட்டி. பழுப்போ மஞ்சளோ கசிந்தால் அடியில் மண் நெருங்கிவிட்டது. அடுத்த வளைவில் கல் காத்திருக்கலாம். பனிக்கு மேலே ஒரு புல் நுனியோ சுள்ளியோ தலை நீட்டினால் அதைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் விலகுங்கள். வெளியே தெரிவது ஒன்று என்றால் உள்ளே பத்து இருக்கும். ஓடை ஓடும் இடங்களும் இன்னும் முழுதாக உறைந்திருக்காது. மேலே பாலம்போல மெல்லிய பனி, கீழே நீர். தடத்தின் குறுக்கே பள்ளமான கோடு தென்பட்டால் ஐயப்படுங்கள்.

அடுத்தது சத்தம். மென்பனியில் கட்டை ‘உஸ்’ என்று போகும். கெட்டியான பரப்பில் சரசரக்கும். பனிக்கட்டியில் இரும்பைத் தகரத்தில் இழுத்ததுபோலக் கீச்சிடும். உங்கள் கட்டையின் சத்தம் மாறிய கணமே பரப்பு மாறிவிட்டது. கண் அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு நொடி ஆகும்.

பனிக்கட்டித் திட்டு குறுக்கே வந்தால் என்ன செய்வது? உடல் சொல்வது ஒன்று, செய்ய வேண்டியது வேறொன்று. உடல் பின்னுக்குச் சாய்ந்து, கட்டையை விரித்து, அங்கேயே நிற்கப் பார்க்கும். அங்கே நிற்க முடியாது. முழங்காலை மடித்து, எடையைப் பாதத்தின் நடுவில் வைத்து, இரண்டு கட்டைகளையும் இடுப்பகலத்தில் தட்டையாக விட்டு, திட்டைக் கடந்து போய்விடுங்கள். திட்டுகள் பெரும்பாலும் சில மீட்டர்தான் இருக்கும். அதைத் தாண்டிய மென்பனியில் திரும்புங்கள், அங்கே வேகத்தைக் குறையுங்கள். சுரண்டப்பட்ட தடத்தில் மென்பனி ஓரத்தில் குவிந்திருக்கும். கயிறு கட்டிய எல்லையிலிருந்து பாதுகாப்பான தூரம் விட்டு, அந்தக் குவியலை ஒட்டித் திரும்புவது எளிது.

ஆப்பு வடிவில் கட்டையை விரித்து நிற்பதோடு, பக்கவாட்டில் வழுகி இறங்கவும் முதல் நாளே கற்றுத்தரச் சொல்லிப் பயிற்சியாளரைக் கேளுங்கள். சரிவுக்குக் குறுக்கே நின்று, விளிம்பைச் சற்றே தளர்த்தி, சோற்றைக் கரண்டியால் மழிப்பதுபோலப் பரப்பை மழித்துக்கொண்டு நேர்கீழே இறங்குவது இது. பார்க்க அழகில்லை. ஆனால் உறைந்துபோன எந்தச் சரிவிலிருந்தும் உங்களைப் பத்திரமாக இறக்கிவிடும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டவரைப் பருவத் தொடக்கம் அவ்வளவாக மிரட்டுவதில்லை.

பீரங்கி ஓடிக்கொண்டிருக்கும் இடம் தனி. தூரத்தில் வெண்புகைபோலத் தெரியும். அதற்குள் நுழைந்ததும் காகிள்ஸ் மேல் நுண்துளிகள் விழுந்து உறையும், பார்வை மங்கும். அங்கே விழுந்திருக்கும் பனி ஈரமாக இருந்தால் கட்டையைப் பசைபோலப் பிடித்து இழுக்கும். வேகமாக வந்தவர் முன்னால் குப்புற விழுவார். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு பாதத்தைச் சற்று முன்வைத்து, தலையைத் தாழ்த்தி, நிற்காமல் கடந்துவிடுங்கள். கண்ணாடியைக் கையுறையால் தேய்க்காதீர்கள்; வெளிப்பக்கம் உறைந்த துளியைத் தேய்த்தால் கீறல் விழும், உட்பக்கத்தைத் தேய்த்தால் ஆவி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும். பீரங்கியின் குழாய்களும் நீர்த்திறப்புகளும் தடத்தின் ஓரத்திலேயே கிடக்கும், அவற்றுக்கு இடம் விடுங்கள். எந்திரப் பனி மலைபோலக் குவிந்திருந்தால் அதன் மேல் ஏறித் தாண்ட ஆசைப்படாதீர்கள்; மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

7. கூட்டத்தில் நடந்துகொள்வது

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-லிருந்து சறுக்குகிறவர்களுக்கான நடத்தை விதிகளை வைத்திருக்கிறது, அவை பத்து. கூட்டமான ஒற்றைத் தடத்துக்கு அவற்றுள் மூன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னாலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். புறப்படும் முன்னும் தடத்தில் சேரும் முன்னும் மேலே திரும்பிப் பார்க்க வேண்டும். குறுகிய இடத்திலும் மேலிருந்து பார்த்தால் தெரியாத மேட்டின் மறைவிலும் நிற்கக் கூடாது. விழுந்துவிட்டால் கூடிய விரைவில் ஓரத்துக்கு வர வேண்டும்.

கெட்டிப் பரப்பில் மற்றவர்களும் நினைத்த இடத்தில் நிற்க முடியாதவர்கள்தான். உங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது என்பது பின்னால் வழுகி வருபவரை நிறுத்திவிடாது. ஆகவே திடீரென்று குறுக்கே வெட்டாமல், ஒரே அகலத்தில், ஒரே தாளத்தில் திரும்புங்கள். பின்னால் வருபவரால் உங்கள் அடுத்த திருப்பத்தை ஊகிக்க முடியும்.

8. கயிற்றுக்கு அப்பால் போகாதீர்கள்

மூடிய தடத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கயிறு சாதாரணமாகத்தான் இருக்கும், குனிந்தால் நுழைந்துவிடலாம். அந்தப் பக்கம் பனி அழகாகவும் கிடக்கும். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்: நுழையாதீர்கள்.

கல்லும் அடிக்கட்டையும் இருப்பது ஒரு காரணம். மூடிய தடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கலாம் என்பது இன்னொன்று. செங்குத்தான சரிவில் பனி வாரும் வண்டி, மேலே கட்டிய எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பி ஒரு கணம் பனிக்குள் புதைந்து கிடக்கும், அடுத்த கணம் விறைத்து எழும். வண்டி உங்கள் கண்ணிலேயே படாமல் இருக்கலாம். மையம் மூடிய பிறகு தடத்தில் நடந்து ஏறுவதும் இதனாலேயே ஆபத்து.

மையத்தின் எல்லைக்கு வெளியே, மலைப்பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. பனி குறைவாக இருக்கும்போது பனிச்சரிவு வராது என்று நம்புகிறவர்கள் நிறைய. நிலைமை நேர்மாறாகவும் இருக்கலாம். மெல்லிய பனிக்கு அடியில் தரை 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் கடுமையாகக் குளிர்ந்துவிடும். சில விரற்கடைக்குள் அவ்வளவு வெப்ப வேறுபாடு இருக்கும்போது, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் பரலாக மாறுகிறது. அடுத்த பெரும்பனி அந்தப் பரலின் மேல் பலகையாகப் படியும். ஒருவர் மேலே கால் வைத்ததும் பலகை முழுவதும் நழுவும். 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கின்றன. 3 என்பது நடுவில் இருப்பதால் ‘பரவாயில்லை’ என்று தோன்றும். உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3 அறிவித்த நாட்களில்தான் நேர்ந்திருக்கிறது. புதியவர்களுக்கு எல்லைக்கு வெளியே எந்த எண்ணும் சரியான எண் அல்ல.

9. நிறுத்தும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள்

களைத்த கால் விளிம்பைப் பிடிக்காது. தொடை நடுங்கத் தொடங்கினாலோ, முந்தைய இறக்கத்தில் எளிதாக இருந்த திருப்பம் தவறினாலோ, நிழல் தடத்தின் பாதியை மூடினாலோ அன்றைக்குப் போதும். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று ஏறும் கடைசி இறக்கம், சுரண்டி மறுபடி உறைந்த பரப்பில், மங்கும் வெளிச்சத்தில், களைத்த காலோடு நடக்கிறது. அதை விட்டுவிடுவதால் உங்கள் பயிற்சியில் ஒன்றும் குறையப்போவதில்லை.

இறங்கியதும் கட்டையை உலர்ந்த துணியால் துடையுங்கள், விளிம்பில் ஈரம் நின்றால் மறுநாளே துரு பிடிக்கும். அடிப்பாகத்தில் கையை ஓடவிடுங்கள். மெல்லிய கீறல் என்றால் கவலையில்லை. மரம் தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தால் நீர் உள்ளே இறங்கும் முன் பழுது பார்க்க வேண்டும், வாடகைக் கட்டையானால் திருப்பித் தரும்போதே சொல்லிவிடுங்கள்.

தடத்தில் உங்கள் கட்டை எதிலாவது இடித்திருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அது எந்தத் தடம், எந்த லிஃப்ட் தூணுக்கு நேர், இடது ஓரமா வலது ஓரமா என்று நினைவில் வைத்துக்கொண்டு, ரோந்துக் குழுவின் அறைக்குப் போய்ச் சொல்லுங்கள். நான் முதல் ஆண்டு இடித்த கல்லைப் பற்றிச் சொன்னபோது, அங்கிருந்த பெண்மணி எழுந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் கழிகளில் இரண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த முறை லிஃப்டில் ஏறும்போது அந்தக் கல்லின் மேல் இரண்டு கழிகளும் குறுக்காக நின்றன. எல்லோரும் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.